காட்டில் கைகொடுக்கும் கருவி எது?

பணி ஓய்வு பெற்ற ஒருவர் கைத்தொலைபேசிக் கடைக்குள் நுழைகிறார். கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் பறவை பார்க்கப் போகும் பழக்கம் உள்ளவர். கடைப் பையன் ஒவ்வொரு கைத்தொலைபேசியாக எடுத்து வைத்து, கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம் என்று ஒப்பிக்கிறான். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. "தம்பி, இது காட்டுக்குள்ள லைன் இல்லாத இடத்துல வழி காட்டுமா?" என்று கேட்கிறார். "லைன் இல்லன்னா எப்படி வேலை செய்யும், அங்கிள்? எந்த போனும் செய்யாது" என்று பதில் வருகிறது. அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறார்.

அந்தப் பதில் தவறு. ஜி.பி.எஸ். பற்றிய குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா நடத்தும் துணைக்கோள அமைப்பு. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் இந்தத் துணைக்கோளங்கள், தங்கள் இருப்பிடத்தையும் துல்லியமான நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. உலகம் முழுவதற்கும் சேவை கிடைக்கக் குறைந்தது 24 துணைக்கோளங்கள் வேண்டும். அதற்கும் மேலாகவே இயங்கி வருகின்றன. கையில் இருக்கும் கருவி, குறைந்தது 4 துணைக்கோளங்களின் ஒலிபரப்பைப் பிடித்தால் போதும். ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். வானொலிப் பெட்டி ஒலிபரப்பைப் பிடிப்பதைப் போன்றதுதான் இது. வானொலி கேட்பதற்கு எப்படித் தொலைபேசி இணைப்பு தேவையில்லையோ, அப்படியே இதற்கும் தேவையில்லை.

அப்படியானால் காட்டுக்குள் போனதும் கைத்தொலைபேசி ஏன் விழிக்கிறது? இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, வரைபடத்தைக் காட்டுவது இன்னொரு வேலை. முதலாவது வானத்திலிருந்து வருகிறது. இரண்டாவது இணையம் வழியாக வருகிறது. இணையம் அறுந்ததும் வரைபடம் மறைந்து, சாம்பல் நிற வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிதக்கிறது. புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாதைதான் தெரியவில்லை. வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. கூகல் வரைபடத்தை இறக்கி வைக்கலாம் என்றாலும், அதில் சாலைகள் இருக்கும் அளவுக்குக் காட்டுப்பாதைகள் இருப்பதில்லை. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஓஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. ஜி.பி.எஸ். இருந்தால் மீட்புப் படையினர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். ஜி.பி.எஸ். வாங்கி மட்டுமே கொள்ளும், எதையும் அனுப்பாது. தான் எங்கே நிற்கிறோம் என்பது கருவிக்கும் அதை வைத்திருப்பவருக்கும் மட்டுமே தெரியும். அதை வெளியே சொல்லத் தொலைபேசித் தொடர்பு வேண்டும். இல்லையேல், துணைக்கோளம் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேண்டும்.

இரண்டு காலங்கள்

2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி வரையில், பொதுமக்கள் வாங்கும் கருவிகளில் ஜி.பி.எஸ். சுமார் 100 மீட்டர் வரை பிசகும். அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே ஒலிபரப்பில் பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதிபர் கிளிண்டனின் உத்தரவின் பேரில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் கையடக்கக் கருவிகள் காட்டில் உண்மையிலேயே பயன்பட்டன. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் கருவிகள் அந்தக் காலத்தில் மலையேறுவோர் பலரின் இடுப்பில் தொங்கின. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்குமான இலவச வரைபடங்களை இங்குள்ள தன்னார்வலர்களே கூட்டாக உருவாக்கி, அந்தக் கருவிகளில் ஏற்றிக்கொண்டதும் 2000களில்தான். கைத்தொலைபேசியில் ஜி.பி.எஸ். இருப்பது அப்போது புதுமை. 2007ல் வந்த நோக்கியா என்95ல் அது இருந்தது. ஆனால் பேட்டரி அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. எனவே அன்று தேர்வு எளிதாக இருந்தது. பேசுவதற்குத் தொலைபேசி, காட்டுக்குத் தனிக்கருவி.

இன்று சாதாரண விலைக் கைத்தொலைபேசிகூட அமெரிக்காவின் ஜி.பி.எஸ். உடன், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. வெட்டவெளியில் அதன் துல்லியம் சுமார் 5 மீட்டர். 2018ஆம் ஆண்டு முதல் இரட்டை அலைவரிசை பிடிக்கும் கைத்தொலைபேசிகளும் வரத் தொடங்கின. கடையில் கிடைக்கும் விவரத் தாளில் எல்1, எல்5 என்று இரண்டும் குறிப்பிட்டிருந்தால் அது அந்த வகை. கட்டடத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகளால் ஏற்படும் பிழையை அது ஓரளவு குறைக்கும். இவ்வளவு வசதி வந்த பிறகு தனிக்கருவி எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதற்கு விடை, கருவி என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. பறவை பார்ப்பவருக்கு அதனால் இரண்டு வேலைகள் ஆக வேண்டும். ஒன்று, போன வழியே திரும்பி வருவது. மற்றொன்று, எந்தப் பறவையை எங்கே பார்த்தோம் என்று பதிந்து வைப்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்றுக்குச் சிறந்த கருவி மற்றதற்குச் சிறந்ததல்ல.

திரும்பி வரும் வழி

மலையேறுபவர் வழி தவறுவதற்கும் பறவை பார்ப்பவர் வழி தவறுவதற்கும் வேறுபாடு உண்டு. மலையேறுபவரின் கண் பாதையில் இருக்கும். பறவை பார்ப்பவரின் கண் மரத்தின் உச்சியில் இருக்கும். காது புதருக்குள் இருக்கும். பிட்டா போன்ற தரையில் தத்தித் திரியும் பறவையின் குரல் வலப்பக்கம் கேட்கும். பத்தடி உள்ளே போனால் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பத்தடி முப்பதடியாகும். பறவை இடம் மாறும்; ஆளும் மாறுவார். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிரம்புக் கொடி. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த வட்டாரத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால், நிழலை வைத்துத் திசை சொல்லவும் முடியாது. மாலையில் சூரியன் மறைந்தால் மளமளவென்று இருட்டிவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருள் சூழ்ந்துவிடும்.

ஆகவே கருவியில் முதலில் பார்க்க வேண்டியது மூன்று வசதிகள். நிற்கும் இடத்தை ஒரே அழுத்தில் குறித்து வைக்க வேண்டும். நடந்த தடத்தைக் கோடாகப் பதிய வேண்டும். குறித்த இடத்துக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று காட்ட வேண்டும். தனிக்கருவிகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. கைத்தொலைபேசியில் இவற்றைச் செயலிதான் செய்ய வேண்டும். கருவி எதுவாக இருந்தாலும், பாதையை விட்டு விலகும் அந்த இடத்திலேயே குறித்து வைப்பதுதான் முக்கியம். வழி தவறிய பிறகு கருவியைப் பையிலிருந்து எடுப்பவருக்கு, தான் தவறி நிற்கும் இடம் மட்டும் மிகத் துல்லியமாகத் தெரியும்!

அடர்ந்த மரக்கூரையின் கீழ் அந்த 5 மீட்டர் துல்லியம் நிலைக்காது. இலைகள், அதிலும் மழையில் நனைந்த இலைகள், ஏற்கெனவே பலவீனமாக வரும் அலைகளை மேலும் உறிஞ்சிக்கொள்கின்றன. பள்ளத்தாக்கில் நின்றால் வானத்தின் ஒரு பகுதியே மறைந்துவிடும். பிழை பல பத்து மீட்டராகக்கூட விரியும். பாதை 20 மீட்டர் தள்ளி இருக்கும்போது, பாதையின் மேலேயே நிற்பதாகத் திரை காட்டக்கூடும். அந்தச் சமயத்தில் திரையை நம்பிப் புதரை வெட்டிக்கொண்டு போவதைவிட, சற்றே திறந்த இடத்துக்கு வந்து, கருவியை உயர்த்திப் பிடித்து, எண்கள் அமைதியடையும் வரை ஓரிரு நிமிடம் காத்திருப்பது நல்லது.

காத்திருப்பு தொடக்கத்திலும் வேண்டும். நகரில் கைத்தொலைபேசி இடத்தைச் சட்டென்று காட்டுவதற்குக் காரணம், எந்தத் துணைக்கோளம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இணையம் வழியாக அது முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான். இணையம் இல்லாத இடத்தில் அந்த விவரத்தைத் துணைக்கோளங்களிலிருந்தே பெற வேண்டும். ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதை விவரத்தை அனுப்பி முடிக்க அரை நிமிடம் ஆகும். மரத்தடியில் நின்றால் இடையிடையே அறுந்து பல நிமிடங்கள் பிடிக்கும். அதனால் காரை நிறுத்தும் திறந்த வெளியிலேயே கருவியைத் தயார்படுத்திவிட்டு உள்ளே நுழைவது அனுபவசாலிகளின் வழக்கம். கோப்பி குடிக்கும் நேரம் அதற்குப் போதும்.

திசைகாட்டி விஷயத்தில் ஏமாறுபவர்கள் பலர். ஜி.பி.எஸ். நடப்பவரின் திசையைத்தான் சொல்லும்; அசையாமல் நிற்பவரின் முகம் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக் கருவிக்குள் காந்தத் திசைகாட்டி தனியாக இருக்க வேண்டும். மலிவு விலைக் கைத்தொலைபேசிகள் சிலவற்றில் அது இருப்பதில்லை. தனிக்கருவிகளிலும் அடிப்படை வகைகளில் இருப்பதில்லை. வாங்கும் முன் கேட்டுவிட வேண்டும். இருந்தாலும், காந்தப் பூட்டு உள்ள தொலைபேசி உறை அதைக் குழப்பிவிடும். பத்து வெள்ளி உறையால் ஆயிரம் வெள்ளிக் கருவி வடக்கைத் தெற்கு என்று காட்டினால் யாரைக் குறை சொல்வது?

பேட்டரியும் ஈரமும்

கைத்தொலைபேசியின் பெரிய பலவீனம் பேட்டரி. காட்டில் அது வேகமாகத் தீர்வதற்கு ஜி.பி.எஸ். மட்டும் காரணமல்ல. தொடர்பு கிடைக்காத இடத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்சக்தியைத் தின்று தீர்க்கிறது. விமானப் பயன்முறைக்கு மாற்றி, இடம் அறியும் வசதியை மட்டும் திறந்து வைத்தால் அந்த விரயம் நிற்கும். இன்றைய கைத்தொலைபேசிகளில் விமானப் பயன்முறையிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். சிங்கப்பூரின் வடகரையில் உள்ள சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைத்தொலைபேசி சத்தமில்லாமல் ஜொகூர் கரையின் அலைவரிசைக்குத் தாவி, மாதக் கடைசியில் வெளிநாட்டுக் கட்டணம் வருவதைத் தவிர்க்கலாம்.

தனிக்கருவிகள் இந்த இடத்தில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. 2011ல் வந்த ஈட்ரெக்ஸ் வகைகளே சாதாரண டபுள் ஏ பேட்டரி இரண்டைப் போட்டால் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்று சொல்லி விற்கப்பட்டன. தீர்ந்தால் கம்பத்து மளிகைக் கடையில்கூட வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கைத்தொலைபேசிக்குப் பவர் பேங்க் இருக்கிறதே என்று சொல்லலாம்தான். ஆனால் மழையில் நனைந்த கைத்தொலைபேசியின் மின்னேற்றத் துளையில் ஈரம் இருந்தால், பல கைத்தொலைபேசிகள் மின்னேற்ற மறுத்துவிடும். தாமான் நெகாராவில் பும்புன் எனப்படும் காட்டுக் குடிலில் இரவு தங்கியவர்கள், காலையில் எல்லாமே ஈரமாக இருப்பதை அறிவார்கள்.

திரையையும் கவனிக்க வேண்டும். வியர்த்த விரலுக்கும் மழைத்துளிக்கும் வேறுபாடு தெரியாமல் தொடுதிரை தானாகவே எதையெதையோ திறந்து மூடும். தனிக்கருவியின் பொத்தான்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் திரையும் வெயில் பட்டால் மங்காமல் இன்னும் தெளிவாகத் தெரியும் வகை. நீர்புகாத் தன்மைக்கு ஐபி67 என்று போட்டிருந்தால், தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது புதுக் கருவிக்குச் சொன்னது. இரண்டு முறை கீழே விழுந்து, ஒரு முறை திரை மாற்றிய கைத்தொலைபேசிக்கு அந்த எண்ணை நம்பக்கூடாது. இதோடு சேர்த்து ஒரு சிறு எச்சரிக்கை: கொசுவிரட்டி மருந்துகளில் உள்ள டீட் என்ற இரசாயனம் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் பூச்சுகளையும் அரித்துவிடும். மருந்து தடவிய கையோடு கருவியையும் பைனாகுலரையும் பிடிக்காமல் இருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு எல்லாருமே தனிக்கருவி வாங்கத்தான் வேண்டுமா என்றால், தேவையில்லை. சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா போன்ற இடங்களிலும், பிரேசர் மலையின் தார்ச்சாலைகளிலும் அரைநாள் நடப்பவருக்குச் சட்டைப்பையில் உள்ள கைத்தொலைபேசியே போதும். அந்தப் பணத்தை நல்ல பைனாகுலருக்குச் செலவழித்தால் பறவையாவது தெளிவாகத் தெரியும். தாமான் நெகாராவின் உட்பகுதி, ஜொகூரின் பந்தி காடு, பேராக்கின் பெலும் போன்ற இடங்களில் பாதையை விட்டு இறங்குபவருக்கும் இரவு தங்குபவருக்கும்தான் தனிக்கருவி ஆடம்பரமல்ல. அவர்களும் ஒரு காகித வரைபடத்தையும் சாதாரணத் திசைகாட்டியையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

பதிந்து வைப்பது

இரண்டாவது வேலையில் நிலைமை தலைகீழ். இங்கே கைத்தொலைபேசிதான் வெல்கிறது. 'மூன்றாவது வளைவுக்கு அருகே, பெரிய மரத்தில்' என்று குறிப்பேட்டில் எழுதியது எழுதியவருக்கே ஐந்து ஆண்டுகளில் புரியாமல் போகும். மரம் விழுந்துவிடும், சாலையை அகலப்படுத்திவிடுவார்கள். எண்களாகப் பதிந்த இடம் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபோன் சங்கமும் 2002ல் தொடங்கிய இபேர்ட் திட்டத்தில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதிகிறார்கள். அதன் கைத்தொலைபேசிச் செயலி நடந்த தடம், நேரம், தூரம் ஆகியவற்றைத் தானே குறித்துக்கொள்ளும். தொடர்பு இல்லாத இடத்திலும் இயங்கும். ஒரு குறை உண்டு. பறவை பார்ப்பவர் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்பார். அவர் அசையாவிட்டாலும் புள்ளி அங்குமிங்கும் அலையும். தடம் சிக்கலான நூல்கண்டு போலாகி, நடக்காத தூரமும் கணக்கில் ஏறிவிடும். பட்டியலை அனுப்பும் முன் தூரத்தைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும்.

அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021 முதல் குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் வசதி வந்தது. தேவையான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்தால் இணையமின்றியும் வேலை செய்யும். அதற்குக் கைத்தொலைபேசியில் சேமிப்பிடம் தாராளமாக இருக்க வேண்டும். அது சொல்வதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு கண்ணால் உறுதி செய்வதே முறை. குரலை மட்டும் வைத்துப் பட்டியலை நிரப்பினால் அது செயலியின் பட்டியல், பார்த்தவருடையதல்ல.

கேமராவிலேயே ஜி.பி.எஸ். வேண்டும் என்பாரும் உண்டு. 2015ல் வந்த நிக்கான் பி900 கேமராவில் அது இருந்தது. அதற்கு அடுத்து 2018ல் வந்த, இன்னும் தொலைவைக் காட்டும் பி1000 கேமராவில் இல்லை. புதியது என்றால் எல்லாமே இருக்கும் என்று எண்ணி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டாலும் கவலையில்லை. கேமராவின் கடிகாரத்தைக் கைத்தொலைபேசியின் நேரத்தோடு விநாடி பிசகாமல் பொருத்திவிட்டால், எந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கைத்தொலைபேசி பதிந்த தடத்தோடு ஒப்பிட்டு வீட்டில் கணினி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எண்களை எழுதும் முறையிலும் விபரீதம் நேரலாம். 3 பாகை 42 நிமிடம் என்பதும் 3.42 பாகை என்பதும் ஒன்றல்ல. 42 நிமிடம் என்பது 0.70 பாகை. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 31 கிலோமீட்டர் வேறுபாடு. மலேசியாவில் 999க்கு அழைத்து உதவி கேட்கும் நிலை வந்தால், எண்ணை மட்டுமல்லாமல் அது எந்த முறையில் உள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய மலேசிய நில அளவை வரைபடங்களில் இன்னொரு சிக்கல். அவை கெர்தாவ் என்ற பழைய அடிப்படையில் வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். பயன்படுத்துவது வேறு அடிப்படை. கருவியில் மாற்றி வைக்காமல் எண்ணைக் காகிதத்தில் குறித்தால் 100 மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

பறவைக்கு வரும் ஆபத்து

இந்த எண்களால் ஆளுக்கு நன்மைதான். பறவைக்கு எப்போதும் அப்படியல்ல. மலாயில் பாராவ்-பாராவ் எனப்படும் பறவையை எடுத்துக்கொள்ளலாம். வைக்கோல் நிறத் தலையும் மனத்தை உருக்கும் குரலும் கொண்ட பெரிய சின்னான் வகை அது. அந்தக் குரலே அதற்கு எமனானது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே பல நாடுகளில் அதை அழித்துவிட்டார்கள். 2018ஆம் ஆண்டு அது மிக அருகிவிட்ட இனமாக அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரில் குறைந்தது 202 பறவைகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உபின் தீவு அதன் முக்கியப் புகலிடம். காட்டுக் கோட்டைபோல் காவல் உள்ள இடமல்ல அது. படகேறிப் போய்வரும் சாதாரணத் தீவு. முராய் பத்துவுக்கும் மெர்போக்குக்கும் கூண்டு வைத்திருப்போர் எவ்வளவு பேர் என்பது இரு நாட்டு மக்களுக்கும் தெரிந்ததே.

பறவை பிடிப்பவனுக்கு வலை இருக்கிறது, பசை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: எந்த மரத்தில் என்ற விவரம். கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே அந்த இடத்தின் எண்கள் பல தசமத்தில் பதிந்திருக்கும். நான்கு தசமம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர். அதாவது மரத்தையே காட்டிக் கொடுக்கும் அளவு. கூடு கட்டிய இருவாச்சியின் படத்தை மகிழ்ச்சியோடு நான்கு குழுக்களுக்கு அனுப்புபவர், தன்னை அறியாமல் முகவரியையும் சேர்த்து அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பொதுவாக அந்த விவரம் நீங்கிவிடும். ஆனால் தெளிவு குறையக்கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, கேமராவுக்கு மட்டும் இடப்பதிவை நிறுத்தி, வரைபடச் செயலிக்குத் திறந்து வைக்க முடிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே இதைச் செயலிவாரியாக அமைக்கலாம். பலருக்கு அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லாததுதான் குறை. தனக்கென்று முழு எண்ணையும் வைத்துக்கொண்டு, பிறருக்குச் சொல்லும்போது இரண்டு தசமத்தோடு நிறுத்தலாம். அது சுமார் 1 கிலோமீட்டர் வட்டாரத்தைச் சொல்லும்; மரத்தைச் சொல்லாது. இபேர்ட் திட்டமும் 2017 முதல் கடத்தலுக்கு இலக்காகும் இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வருகிறது. பதிபவரின் உழைப்பு வீணாவதில்லை. வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவதுதான் தவிர்க்கப்படுகிறது. வீட்டாருக்கு மட்டும் நேர்மாறாகச் செய்ய வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் புறப்படும் முன் விவரமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய அந்த ஓய்வு பெற்றவருக்கு இப்போது கேட்க வேண்டிய கேள்விகள் தெரிந்துவிட்டன. வாங்கிய பிறகு செய்ய ஒரு சோதனையும் இருக்கிறது. வீட்டருகே மரங்கள் அடர்ந்த ஒரு பூங்காவுக்குப் போய், கருவியை விமானப் பயன்முறையில் வைத்து, ஒரு மரத்தடியில் நின்று இடத்தைக் குறிக்க வேண்டும். அரை மணி நேரம் மனம்போன போக்கில் சுற்றிவிட்டு, திரையை மட்டுமே பார்த்து அந்த மரத்துக்குத் திரும்பி வர வேண்டும். எத்தனை அடி தள்ளி வந்து நிற்கிறார், பேட்டரி எவ்வளவு குறைந்தது, வெயிலில் திரை தெரிந்ததா, வியர்த்த விரலுக்குப் பணிந்ததா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையாக இருந்தால் அதற்கென்று ஒரு கெடு வைத்திருப்பார்கள். இந்தச் சோதனையை அதற்குள் செய்துவிட வேண்டும்.